மேட்டு மண்

"ஏரி மண்ணுன்னா இதுல எதுக்குக்கா இம்புட்டு ஓடு கெடக்கு?"

"ஏரியிலயும் ஓடு கிடைக்கும் தம்பி. வெள்ளம் அடிச்சிக்கினு வந்து போட்டுடும்" என்றாள் எழிலரசி. சொல்லிவிட்டாளே தவிர, இசக்கிபாண்டி நீட்டிய டிபன் டப்பாவில் கிடந்த பானைச் சில்லுகளைப் பார்த்ததும் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வடக்குப்பட்டைத் தாண்டி இருந்த மேட்டில் எழிலரசியின் குழு அகழாய்வு தொடங்கும் முன்பே, யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி மேட்டை வெட்டி லாரியில் அள்ளிப் போயிருந்தார்கள். அள்ளப் போனவர்களில் இசக்கிபாண்டியின் அண்ணன் பேச்சிராஜும் ஒருவன். வெட்டிய மண்சுவர் சரிந்தது என்றும், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஜேசிபி மண்ணோடு அள்ளி லாரியில் போட்டுவிட்டது என்றும் கூடப்போனவன் குடித்துவிட்டு உளறினான். போதை தெளிந்ததும் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தான். அந்த மேட்டுப் பக்கமே நாங்கள் போகவில்லை, பேச்சிராஜ் ஊருக்குப் போய்விட்டான் என்றார் காண்ட்ராக்டர். ஊருக்கு அவன் வரவே இல்லை.

இசக்கிபாண்டிக்கு வேலை ஒரகடத்தில், புதிதாக எழும்பிய குடோனில். பள்ளமாகக் கிடந்த இடத்தில் மண் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டதும் அதே காண்ட்ராக்டர்தான். தண்டலம் பக்கத்து ஏரி மண் என்று சொல்லிக்கொண்டார். குழாய் பதிக்கச் சுவரோரம் தோண்டியபோது இந்தச் சில்லுகள் வந்தன.

எழிலரசி ஒன்றை நீரில் நனைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தாள். செம்மண் குழம்பு பூசிய வழவழப்பு. அதனடியிலிருந்து வெள்ளைக் கோடுகள் அலையலையாய்த் தெளிந்து வந்தன. இரண்டாயிரம் வருஷத்துப் பூச்சு. ஆனால் இந்த வட்டாரத்தில் வேறு இடத்திலும் கிடைப்பதுதான். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

வெட்டுப்பட்ட மேட்டின் ஓரத்தில் எடுத்த கிண்ணம் ஒன்று பாதியாய், துண்டுகளை ஒட்டி நிறுத்தும் மணல் தட்டில் நின்றது. மீதியைத் தேடித்தேடி அலுத்திருந்தாள். உடைந்த இரண்டு துண்டைச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்தில் வழக்கம். இன்று சேரக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே கிட்டே கொண்டுபோனாள். அலைக்கோடு அலைக்கோட்டைத் தொட்டது. உடைந்த ஓரம் இம்மி இடைவெளியில்லாமல் கவ்விக்கொண்டது.

அவள் கையை எடுக்காமல் இருந்ததிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மேட்டு மண்ணுதானக்கா?"

"ஆமா தம்பி."

அவன் டப்பாவை மூடினான். மறுபடி திறந்தான்.

"நாளைக்கும் எனக்கு அது மேலதான் ஷிஃப்டு. நீங்க சொன்னா கேப்பாவக்கா. அந்தத் தரைய ஒடைக்கச் சொல்லுங்க."