ஜெயரூபி -h தட்டிய காலை

முள்ளியவளைக்குப் பக்கத்தில், ஒரு குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் அலுவலகத்தில் ஜெயரூபி வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாவது நாள். அங்கத்தவர் நூற்றிருபது பேருக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்ப, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் சாரங்கா ஒரு நிரல் எழுதி வைத்திருந்தாள். பொத்தானோ படமோ இல்லாத நிரல். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்தில் ஒரு எழுத்தைப் போட்டால் வேலை நடக்கும். எந்த எழுத்துக்கு எந்த வேலை என்று அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. அன்று கொக்கிளாயில் ஒரு கலியாண வீட்டுக்கும் போயிருந்தாள்.

ஜெயரூபி கலங்கவில்லை. கிளிநொச்சியில் கணினி படித்தபோது வந்த பழக்கம்: தெரியாத நிரல் என்றால் முதலில் -h தட்டவேண்டும், தன்னை எப்படிப் பாவிப்பது என்று அதுவே சொல்லும். தட்டினாள்.

“120 பேருக்கு அனுப்பப்பட்டது” என்றது திரை.

சில நிரல்கள் முழுச் சொல்லைத்தான் கேட்கும் என்று நினைத்து --help தட்டினாள்.

“120 பேருக்கு அனுப்பப்பட்டது.”

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் சிவலட்சுமி என்ற கமக்காரி சைக்கிளில் வந்து குதித்தாள். தோளில் மண்வெட்டி. “பிள்ளை, எங்க உடைப்பு?” அவளுக்குப் பின்னால் ஒரு ட்ரக்டர் பெட்டி நிறைய ஆட்கள். ‘வாய்க்கால் வேலை. உடனே மண்வெட்டியோடு வரவும்’ என்ற செய்தி இரண்டு தரம் வந்ததில், குளக்கட்டே உடைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

ஜெயரூபி உள்ளே ஓடிப்போய்ச் சாரங்காவுக்கு அழைத்தாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

“என்ன தட்டினனீ?”

“-h அக்கா. உதவி கேட்டனான்.”

“ஐயோ, அது ஆக்களைக் கூப்பிடுறது! இங்கிலிசில வேலையாக்களை ‘ஹான்ட்ஸ்’ எண்டுறதெல்லோ, அதின்ரை முதல் எழுத்து. h எதில இருந்தாலும் அனுப்பும்.”

“எல்லா இடத்திலையும் -h எண்டால் உதவிதானே அக்கா!”

“நான் மட்டும்தானே பாவிக்கிறன் எண்டு விட்டிட்டன். பிழை என்ரைதான், ரூபி.”

ஜெயரூபி வெளியே வந்து படியில் நின்றாள். அதற்குள் இன்னும் பலர் வந்து முற்றம் நிறைந்திருந்தது. “உடைப்பு ஒண்டும் இல்லை. நான் தெரியாமல் தட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“கட்டு நிக்குதெல்லோ, அது காணும்” என்றாள் சிவலட்சுமி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அமைப்பின் தலைவர் பரமேஸ்வரன் மட்டும் சிரிக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். “எழுபத்தெட்டு! ஒருத்தரும் போகாதேங்கோ! பொதுக்கூட்டத்துக்கு அறுபது பேர் வேணும். மூண்டு தரம் கூப்பிட்டும் முப்பதைத் தாண்டேல்லை.”

உட்காரக் கதிரைகள் போதவில்லை. பலர் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்தபடி நின்றார்கள். இரண்டு போகமாக இழுபட்ட பிரச்சினை அரை மணித்தியாலத்தில் முடிந்தது: இந்தமுறை தண்ணீர் கடைசி வாய்க்காலுக்குத்தான் முதலில். சிவலட்சுமியின் வயல் அங்கேதான். வாக்கெடுப்பில் அவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

திங்கட்கிழமை சாரங்கா கலியாணப் பலகாரத்தோடு வந்தாள். இருவரும் உட்கார்ந்து நிரலைத் திருத்தினார்கள். -h தட்டினாலும் --help தட்டினாலும் விளக்கம் மட்டும் வரும், ஒன்றும் அனுப்பாது. ஆட்களைக் கூப்பிட வேறு சொல். அதற்கும் முதலில் ‘120 பேருக்கு அனுப்பவா? ஓம் / இல்லை’ என்று கேட்கும். விளக்கத்தை ஜெயரூபி தமிழிலேயே எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணத்தோடு.

“சரி, தட்டு.”

“நீங்களே தட்டுங்கோ அக்கா.”

“நீ எழுதினது. நீதான் தட்டவேணும்.”

தட்டினாள். ஒன்பது வரி விளக்கம் அழகாக வந்து நின்றது. இருவரும் வாசலைப் பார்த்தபடி இரண்டு பயித்தம் பணியாரத்தைச் சாப்பிட்டு முடித்தார்கள். ஒருவரும் வரவில்லை.