பாப்பம் என்று சொன்னவள்

என்னை வெளியேற்றியது நஸ்ரியாதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சிவகுருநாதன் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கதைக்கிறான் என்று யாரும் சொல்லக்கூடாது. வைத்துக்கொண்டுதான் கதைக்கிறேன்.

'கரை யாருக்கு?' என்பது எங்கள் பக்கத்துத் தொலைக்காட்சி ஒன்று நடத்திய போட்டி. நிலாவெளிக் கடற்கரையில் பத்துப் பேரைக் கூடாரத்தில் இருக்கவிட்டு, சுற்றிவரக் கமெரா வைத்தார்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் நாங்களே சீட்டில் பெயர் எழுதி, எங்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அந்த இரண்டு பேரில் யார் வென்றது என்று தீர்மானிப்பது, கடைசியாக வெளியே போன ஐந்து பேர். அதாவது, உன்னை யார் தள்ளிவிட்டாரோ அவருக்கே நீ மாலை போட வேண்டும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் சொந்தக்காரர் நிறைய உள்ளவனாகத்தான் இருப்பான்.

பரிசு ஒரு புத்தம் புதிய ஓட்டோ. நஸ்ரியாவுக்கு அது எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிண்ணியாவில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவள். டவுனிலிருந்து ஓடர் வந்தால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். ட்ரைவர் ஒரு பிரேக் போட்டால் போதும், ஐசிங் ரோசாப்பூ எல்லாம் மூடியில் ஒட்டிவிடும். கலியாண ஓடர்களை எடுக்கவே பயம். ஓட்டோ கிடைத்தால் தானே ஓட்டிப் போவேன் என்று முதல் நாளே சொன்னாள். மறைத்து வைக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

நான் டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருஷமாகக் கவுண்டரில் இருக்கிறவன். மனிதர்களைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம். ஐந்து பேர் மிஞ்சியிருந்த நாள் காலையில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நஸ்ரியாவிடம் போனேன்.

"தங்கச்சி, கடைசி மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா நிப்பம். சரியோ?"

"பாப்பம் சேர்," என்று சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள். மற்றவர்கள் எல்லோரும் என்னை அண்ணன் என்பார்கள், அவள் மட்டும் சேர் என்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்து யாரை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டு கடலில் குளிக்கப் போனேன். பின்னேரம் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஐந்தில் நாலில் என் பெயர். நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்ற மூன்று பேரிடமும் கதைத்து வைத்தது நஸ்ரியாதானாம்.

எழுதிய நாலு பேரில் நிருபனும் ஒருவன். ஆனால் அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நல்ல பொடியன், அருமையாகச் சோறு சமைப்பான். "எல்லாரும் ஆருக்குப் போடுறியள்?" என்று கேட்டுவிட்டு அதே பெயரை எழுதுவான். நஸ்ரியா அழவில்லை. "போயிட்டு வாங்க சேர்," என்றாள், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு பேராக மிஞ்சியது இவர்கள் இருவரும்தான்.

நடுவர்கள் ஐந்து பேரையும் தென்னைகளுக்குக் கீழே கதிரை போட்டு இருத்தினார்கள். என்னைப் போலவே வெளியே வந்த லோஜினி, நஸ்ரியாவின் பெயரைக் கேட்டாலே கொதித்தாள்.

"கூட இருந்து குழி பறிச்சவள். நான் நிருபனுக்குத்தான் போடுவன்."

மூதூர்த் தச்சுத் தொழிலாளி அலியார் அண்ணன் விடவில்லை. "கரம்போட்டில ஒருத்தன் சிவப்புக் காயைப் போட்டா, துரோகி எண்டா சொல்லுவம்? நிருபன் இந்தப் பதினாறு நாளும் ஒரு காயையாவது சுண்டினானா? ஸ்டூலை விட்டு எழும்பவே இல்லையே!"

"சோறு சமைச்சவன்," என்றேன்.

"அப்ப அவனுக்குச் சட்டியைக் குடுங்க. ஓட்டோவை ஏன் குடுக்கிறீங்க?"

வாய்விட்டுச் சிரித்தோம், ஆனால் கணக்கு மாறவில்லை. இரண்டு பேர் நஸ்ரியா பக்கம், இரண்டு பேர் நிருபன் பக்கம். ஓட்டோ என் பேனாவில் வந்து நின்றது. எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். இருபத்தாறு வருஷக் கவுண்டரில் கூட இவ்வளவு அதிகாரம் எனக்கு இருந்ததில்லை.

கேள்வி கேட்கும் நேரம் வந்தது. நான் எழும்பினேன்.

"நஸ்ரியா, நீங்கள் எனக்கு வாக்குத் தந்திட்டு ஏமாத்தினீங்கள். ஓமோ, இல்லையோ?"

"நான் ஓம் எண்டு சொன்னனானா சேர்?"

"பாப்பம் எண்டு சொன்னீங்கள்!"

"பாப்பம் எண்டா என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "மூண்டு வருஷத்துக்கு முதல், வீட்டில கேக் செய்து விக்க ஒரு கடிதம் கேட்டு உங்கட கந்தோருக்கு வந்தனான். நீங்க நிமிர்ந்து பார்க்காமலே பாப்பம் எண்டு சொன்னீங்க. நான் அதை ஓம் எண்டு நினைச்சிட்டுப் போய் மாவும் முட்டையும் வாங்கினனான். அடுத்த கிழமையும் பாப்பம். நாலு தரம் கிண்ணியாவில இருந்து பஸ் ஏறி வந்தனான் சேர். அஞ்சாம் தரம், பக்கத்து மேசை அக்காதான் மெதுவாச் சொன்னா. 'தங்கச்சி, அவர் பாப்பம் எண்டா ஏலாது எண்டு அர்த்தம். நிண்டு மினக்கெடாதீங்க.' பிறகு கடிதத்தை எடுத்துத் தந்ததும் அவதான். நான் உங்களுக்குப் பொய் சொல்லல்ல. உங்கட பாஷையிலதான் சொன்னனான்."

அலியார் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். கமெராப் பொடியனின் தோளும் குலுங்கியது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்து மேசை அக்கா என்றால் நல்லம்மாதான். ஆனால் இந்தப் பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. ஐந்து தரம் வந்திருக்கிறாள், நான் ஒரு தரமாவது நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. இரண்டுக்கும் நடுவில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு மரியாதையும் வந்தது. என் காயாலேயே என்னை வெட்டியிருக்கிறாள்!

கடைசியாக ஏதாவது சொல்லலாம் என்றார்கள். நிருபன் எல்லோருக்கும் நன்றி சொல்லி அழுதான். நஸ்ரியா என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த ஓட்டோ வேணும். எனக்குப் போடுவீங்களா சேர்?"

பழக்கதோஷம். வாய் தானாகத் திறந்தது.

"பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் அந்தச் சொல் தெரியுமே. தலையைக் குனிந்து, கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டை எடுத்து, கந்தோரில் கூட அப்படி எழுதியதில்லை, முத்து முத்தாக அவள் பெயரை எழுதினேன். ஐந்தாவது சீட்டைப் பிரித்து வாசித்தபோது அவள் அப்படியே மணலில் இருந்துவிட்டாள். "சேர், பாப்பம் எண்டீங்களே!" என்று அழுதாள். லோஜினி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை, கந்தோர் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நஸ்ரியாதான் ஓட்டிவந்தாள். பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துத் திறந்தாள். ஒரு ரோசாப்பூ கூட நசியவில்லை. நடுவில் பச்சை ஐசிங்கில் பெரிதாக ஒரே ஒரு சொல்: ஓம்.

நல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். "ஐயோ, பிரணவத்தையெல்லோ எழுதியிருக்கிறா! இதில கத்தி வைக்கலாமோ?"

"அக்கா, அது சேருக்குப் பழக்கமில்லாத சொல்லு. அதுதான் எழுதிக்கொண்டு வந்தனான்," என்றாள் நஸ்ரியா.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். குச்சவெளியிலிருந்து வருகிறாளாம், கடிதம் ஒன்றுக்கு மூன்றாம் தரம் வந்திருக்கிறாளாம்.

"இண்டைக்காவது கிடைக்குமா சேர்?"

என் வாய் 'பா' வரைக்கும் போய்விட்டது. நஸ்ரியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன். "பத்து நிமிஷம் இருங்கோ."

அந்தப் பெண் கதிரையில் இருக்கவில்லை. என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓம் எண்டா... ஓம்தானே சேர்?"