மருமகள் கடை

சட்டையை வாளிக்குள் அமுக்கும் முன் பையைத் துழாவினாள் ஷெரின். இறந்தவரின் உடுப்பை அன்றைக்கே அலசிப் போட்டுவிட வேண்டும் என்று கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மாமனார் ஞானமுத்துவின் பையிலிருந்து ஒரு ஜெபமாலை வந்தது. பிறகு பஸ் டிக்கெட், நாலாய் மடித்த பில், ஒரு மாத்திரை அட்டை.

அட்டையைத் திருப்பினாள். பத்தில் ஆறு காலி. பிரஷர் மாத்திரை இல்லை அது, சுகர் மாத்திரை.

மாமாவுக்குச் சுகரே கிடையாது.

துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள், "கிறுகிறுன்னு வருதும்மா, ஒடம்பெல்லாம் வேர்க்குது" என்றவரிடம், அடுப்பைப் பார்த்தபடியே, "பிரஷர் மாத்திரைய விடாம போடுங்க மாமா" என்று சொன்னது அவள்தான். அவரும் விடாமல் போட்டார். நேற்று வயிறு சரியில்லையென்று சாப்பிடாமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தார். வெறும் வயிற்றில் அது உடம்பில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். விடியலில் அத்தை எழுப்பும்போது கை சில்லிட்டிருந்தது. எழுபத்து மூன்று வயது. யாரும் காரணம் கேட்கவில்லை. நாலு மணிக்கு அடக்கம் என்று கோயிலில் சொல்லியாயிற்று.

பில்லைப் பிரித்தாள். அடியில் அச்சாகியிருந்தது: பதிவு பெற்ற மருந்தாளுநர், ஷெரின்.

சின்னமனூரில் பொன்னுராஜ் நடத்தும் கடை அது. அவர் மருந்துப் படிப்புப் படித்தவரில்லை. படித்தவள் ஷெரின். பாப்பா பிறந்தபின் வேலைக்குப் போக முடியாமல், சான்றிதழை மட்டும் அங்கே மாட்டக் கொடுத்தாள். அதற்கு மாதாமாதம் ஒரு வாடகை. ஆய்வுக்கு ஆள் வருகிறதென்றால் போன் வரும். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் போய் நிற்பாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குப் பதிலாகச் சுவரில் சட்டம் போட்ட காகிதம் நின்றது.

ஊர் முக்கிலேயே மருந்துக்கடை உண்டு. மாமா அதைத் தாண்டி பஸ் ஏறுவார். "எம் மருமக கடை இருக்கயில வேற எவன்கிட்ட வாங்கணும்? சுவத்துல போட்டோவோட நிக்கிறாள்ல!" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லுவார்.

அவளைத் தேடிப் பின்கட்டுக்கு வந்த கணவன் ஆண்டனி ராஜிடம் அட்டையை நீட்டினாள். சொல்லி முடிக்கும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன செய்யணுங்கிற?"

"போலீஸ்ல சொல்லணும்."

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுப்பாக, ஷெரின்."

"தெரியும்."

"ஒன் சர்டிபிகேட்டும் போயிரும். கேஸ்ல ஒன்னையும் சேப்பாக."

"அதுவும் தெரியும். அந்தக் கடையில இதே கைதான் நாளைக்கு இன்னொரு வீட்டு மாமாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கும். அங்கனயும் எம் பேருலதாங்க பில்லு போடும்."

அவன் அவள் தோளில் ஒட்டியிருந்த சோப்பு நுரையை விரலால் துடைத்துவிட்டான்.

வாசலில் பைக் நின்றது. ஆள் உயர ரோஜா மாலையோடு பொன்னுராஜ் வந்திருந்தார். சவப்பெட்டியின்மேல் அதைச் சாத்திக் கும்பிட்டுவிட்டு, துக்கம் விசாரிக்க நேராகப் பின்கட்டுக்கு வந்தார். ஷெரின் அட்டையைக் காட்டினாள். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி அட்டைம்மா. சந்தை நாள் கூட்டம். கை மாறிப்போச்சு." குரலைத் தணித்தார். "போன உசுரு வரவா போகுது? நல்லபடியா அடக்கத்த முடிங்க. என்ன செய்யணுமோ நான் செய்யிறேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ணே."

"யோசிச்சுப் பேசு தாயி. பில்லுல எம் பேரா இருக்கு? ஒன் பேருதான் இருக்கு."

"அதத்தான் நானும் சொல்லப்போறேன்."

"பெரிய நியாயக்காரி! வெள்ளக்கோட்டு மாட்டிட்டு வந்து நிக்கயில எங்க போச்சு இந்த நியாயம்?"

"வீட்டுலதான் கெடந்துச்சு. இன்னைக்கு எந்திரிச்சிருச்சு."

சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை ஜெயமேரி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது.

"நீ குடுத்த மாத்திரையா அது?"

"இல்லத்த. எம் பேரச் சொல்லி கடையில மாமாகிட்ட குடுத்தது."

"ரொம்பத் தவிச்சிருப்பாகளோ?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஷெரினின் வாய்வரை வந்தது.

"தெரியலத்த."

ஜெயமேரி கூடத்துக்குள் போனாள். பெட்டிமேலிருந்த ரோஜா மாலையை இரண்டு கையாலும் சேர்த்து எடுத்தாள். வெளியே போய் பைக் ஹேண்டிலில் அதை மாட்டினாள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கெளம்புங்க தம்பி" என்றாள் பொன்னுராஜிடம். பிறகு மகனைப் பார்த்து, "கோயில்ல சொல்லிட்டு வா. இன்னைக்கு அடக்கம் இல்ல. அவுக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வருவாக" என்றாள்.

ஆண்டனி ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

ஷெரின் போனை எடுத்தாள். மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டார்கள்.

"எம் பேரு ஷெரின். எங்க மாமனார் சாவுல ஒரு புகார் சொல்லணும். மருந்துக்கடையில தப்பான மாத்திரை குடுத்திருக்காக." மூச்சு எடுத்துக்கொண்டாள். "அந்தக் கடையோட மருந்தாளுநர் நாந்தான்."

பேசி முடித்துத் திரும்பியபோது, ஜெயமேரி மாமாவின் ஜெபப்புத்தகத்தோடு நின்றாள். பக்கத்துக்குப் பக்கம் பில்கள். மூன்று வருஷத்து பில்கள், கசங்காமல் நீவி வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் அடியில் அதே பெயர்.

"கேப்பாக. எல்லாத்தையும் குடு."

ஜெயமேரி ஷெரினின் கையில் அவற்றை அடுக்கினாள். அடுக்கி முடித்தபின், மேலிருந்து ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

வாளியில் நுரை அடங்கிவிட்டது. சட்டை கல்லின்மேல் நனையாமலே கிடந்தது.