முள்முருக்கு எல்லை

எழுபத்தைந்தில் இலங்கை அரசாங்கம் நாங்கள் கூலி வேலை செய்த தேயிலைத் தோட்டத்தைக் கம்பெனியிடமிருந்து எடுத்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பட்டாசு வெடித்தோம். முந்தைய வருடம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். தேயிலையைப் பிடுங்கிவிட்டு நிலத்தை அரை ஏக்கர் துண்டுகளாகப் பிரிக்கப் போவதாகப் பதுளையிலிருந்து வந்த அதிகாரி சொன்னார். எல்லைக்குக் கம்பு நடச் சொன்னார். காணி யாருக்கென்று ஒருவரும் கேட்கவில்லை. லயத்துத் தலைவர் நான்தான். கேட்டிருக்க வேண்டியவன் நான். மடையன்.

"காய்ஞ்ச கம்பு வேணாம், முள்முருக்கா வெட்டிட்டு வாங்க. நம்ம எல்லை வேர் புடிச்சு நிக்கட்டும்" என்று வேறு சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சம்பளமில்லாமல் நட்டோம். என் மனைவி பாக்கியலெட்சுமி ஓடையோரத் துண்டைப் பார்த்து வைத்தாள்.

"இதுதாங்க நமக்கு. தண்ணி கிட்டக்க இருக்கு."

இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழி என்று எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடையாது; பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்குக் காணி இல்லை என்று பிறகு சொன்னார்கள். துண்டுகளெல்லாம் கீழ்க்கிராமத்துச் சிங்களவர்களுக்குப் போயின.

பத்து வருடமாகிறது. அந்த ஓடையோரத் துண்டுக்குத்தான் இப்போது கூலிக்குப் போகிறேன். நேற்று காணிக்காரர் முள்முருக்கு வேலி மரங்களின் கிளைகளைக் கழிக்கச் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மரங்கள் என்றும் சொன்னார்.

வெட்டிய தழையை எங்கள் ஆட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று இந்த முறை முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.