கூரையில் வெளிச்சப் பொட்டுகள்

மறுநாள் காலை ஏற்றிப் போக வேண்டிய அட்டைப்பெட்டிகள் என் பட்டறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தொழில் தொடங்கிய பின் எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். தண்ணீர் பட்டால் அட்டை உப்பிவிடும். இந்த நேரம் பார்த்து மழைக்காற்று கிளம்பியது; தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது.

தகவல் சொன்னதும் அண்ணனும் அண்ணியும் ஏணியோடு ஓடி வந்தார்கள். அண்ணன் பஸ் டிரைவர். உயரம் என்றால் நடுக்கம். ஸ்க்ரூ டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணிதான் ஏறினார்.

"பாத்து! ஸ்க்ரூ வரிசை மேலயே கால வை. கீழ தாங்குற சட்டம் இருக்கும்!" என்று கத்தினார் அண்ணன்.

"நீங்க ஏணியப் பிடிங்க. ஹாரன் அடிச்சது போதும்."

எந்த ஸ்க்ரூ ஆடுகிறது என்று மேலிருந்து கண்டுபிடிப்பது கடினம். எல்லாமே ஒன்றுபோல் துருவேறி நின்றன. ஆகவே நான் உள்ளே கதவு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்தேன். ஆடிப்போன ஸ்க்ரூக்களின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கம்பால் தட்டினேன்.

"இங்க, அண்ணி!"

"கேட்டுச்சு!"

பழையதைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடித்த ஸ்க்ரூவை ரப்பர் வாஷரோடு முறுக்கினார். பொட்டு அணைந்தது! அடுத்ததற்கு ஓடினேன். தட்டினேன், அணைந்தது. தட்டினேன், அணைந்தது. கைதட்டிக் குதிக்கலாம் போலிருந்தது.

திடீரென்று எல்லாப் பொட்டுகளும் சேர்ந்தே மறைந்தன. மேகம் மூடிவிட்டது.

"அண்ணி, ஒண்ணுமே தெரியல! டார்ச் அடிக்கணும்!"

"எனக்கு என்ன நாலு கையா? ஏங்க, செல் டார்ச்ச எடுத்துக்கிட்டு மேல வாங்க!"

 வெளியே ஏணி கிரீச்சிட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு "ஐயோ" கேட்டது. அப்புறம் தகரம் அதிர, யாரோ தவழ்ந்து போகும் சத்தம்.

பளிச்சென்று தலைக்கு மேல் ஒரு பொட்டு!

"அதுதான்! அங்கதான்!"

டார்ச் நகர நகர, மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாக அகப்பட்டன. கடைசி ஸ்க்ரூ இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. விளக்கைப் போட்டேன். மேலடுக்குப் பெட்டிகளை ஓடி ஓடித் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

"காஞ்சிருக்கு, அண்ணி! எல்லாம் காஞ்சிருக்கு!"

"சந்தோஷம்!" மழையை மீறி அண்ணியின் குரல் வந்தது. "மொதல்ல உங்க அண்ணன எறக்க வழி சொல்லு. ஆளு ஏணிப் பக்கமே திரும்ப மாட்டேங்கறாரு!"