வாயிலில் திரும்பிய கார்

வாஷிங்டனில் கட்சிகள் முட்டிக்கொண்டு வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாமல், அரசு வேலைகள் பணமின்றி நின்றுபோன அந்த அக்டோபரில், அமெரிக்கக் கடற்படைத் தளத்துச் சிற்றாலயத்துக்கும் பூட்டு விழுந்தது. ஃபாதர் ரேமண்ட் கேட்புவா சீருடை அணிந்த குரு அல்ல. ஒப்பந்தத்தின் பேரில் பூசை வைக்க வருபவர். தளத்துக்குக் கத்தோலிக்கக் குரு என்று இருந்ததே அவர் ஒருவர்தான்.

"சம்பளம் வேண்டாம், சும்மாவே வைக்கிறேனே" என்று கேட்டுப் பார்த்தார்.

"சும்மா செஞ்சாலும் குத்தம்தான் ஃபாதர், நிதி வர்ற வரைக்கும் ஒப்பந்தக்காரங்க யாரும் வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம்" என்றார் தளத்து நிர்வாக அதிகாரி. "மீறி உள்ள வந்து பூசை, ஜெபம்னு ஆரம்பிச்சா கைது பண்ண வேண்டி வரும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அந்த வாரமே தொலோரெஸ் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கணவன் விசென்ட்டே, குவாம் தீவுக்காரன், நீர்மூழ்கிக் கப்பல் மாலுமி. தளத்துக் குடியிருப்பில் புற்றுநோயோடு கிடந்தான்.

"அவருக்கு மூச்சு இழுக்குது ஃபாதர். உங்களைத்தான் கேக்கறாரு. சீக்கிரம் வாங்க."

சாகக் கிடப்பவருக்குப் பூசி ஜெபிக்கும் அர்ச்சித்த எண்ணெயைப் பையில் போட்டுக்கொண்டு காரில் கிளம்பினார். வாயிலில் டெவெரோ காவல் இருந்தான். அவன் பாப்டிஸ்ட் சபைக்காரன். கத்தோலிக்கரைக் கிண்டல் செய்யாமல் அவனுக்குப் பொழுது போகாது. அன்று கிண்டல் இல்லை.

"விசென்ட்டே வீட்டுக்கா?"

"ஆமா. நோயில்பூசுதல் குடுக்கணும்."

"அது என் காதுல விழலை" என்று தடுப்புத் தடியைத் தூக்கினான் டெவெரோ. "நண்பரைப் பாக்கப் போறீங்க. போங்க ஃபாதர்."

வழி திறந்து கிடந்தது. கேட்புவாவின் கால்தான் அசையவில்லை. கைவிலங்கு, ஆயரின் விசாரணை, கைவிட்டுப் போகும் ஒப்பந்தம் எல்லாம் கண்முன் வந்தன.

"ஒரு வார்த்தை அனுமதி கேட்டுட்டு வந்துடறேன்" என்று காரைத் திருப்பினார்.

வாயிலுக்கு வெளியே இருந்த நிர்வாக அலுவலகத்தில் அதிகாரி ஒரு கூட்டத்தில் இருந்தார். அவர் வெளியே வந்து, "சாகக் கிடக்கிறவருக்கா? போங்க, போங்க" என்று சொன்னபோது விசென்ட்டே போய்ச் சேர்ந்திருந்தான்.

குவாம் வழக்கப்படி அவன் வீட்டில் ஒன்பது நாள் ஜெபமாலை நடந்தது. சிவப்புச் சோற்றுத் தட்டை நீட்டியபடி தொலோரெஸ் சொன்னாள்: "கேட்லயே அந்தக் காவக்காரன் உங்களைத் தடுத்துட்டானாமே, படுபாவி."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் அத்தனை பேரும் அவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றை வாயில் போட்டுக்கொண்டார்.

பூசைக்குத் தடை போட்ட உத்தரவை எதிர்த்து மத உரிமை வழக்குப் போட ஹார்ட்விக் என்ற வக்கீல் தேடி வந்தார். "இந்த ஒரு சாவு போதும் ஃபாதர். எந்த நீதிபதியா இருந்தாலும் அசைஞ்சு குடுப்பாரு."

அதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. திருச்சபைக்கு நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கடைத்தெருவில் டெவெரோ எதிர்ப்பட்டபோது அந்தச் சமாதானம் உடைந்தது.

"தடியைத் தூக்கினேன்னு தெரிஞ்சா எனக்குத் தண்டனை வரும். வரட்டும், பாத்துக்கறேன்" என்றான் அவன். "ஆனா அந்தம்மா என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க ஃபாதர். அதைத்தான் தாங்க முடியலை."

கேட்புவா அங்கிருந்து நேராகத் தொலோரெஸ் வீட்டுக்குப் போனார். உட்காரவில்லை.

"யாரும் என்னைத் தடுக்கலைம்மா. அவன் வழி விட்டான். நான்தான் பயந்துபோய்த் திரும்பிட்டேன்."

"கடைசி வரைக்கும் அவரு வாசலையே பாத்துட்டிருந்தாரு" என்றாள் தொலோரெஸ். "போயிடுங்க ஃபாதர். இப்ப போயிடுங்க."

வக்கீலிடமும் சொன்னார்: "அந்த உத்தரவு அநியாயம். அதை எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்வேன். ஆனா விசென்ட்டே சாவை அதுல இழுக்காதீங்க. அதுக்கு நான்தான் பொறுப்பு." ஹார்ட்விக் முகம் சுண்டிப் போனார். தடியைத் தூக்கிய விஷயம் தெரியவந்தும், டெவெரோவை வெறும் கண்டிப்போடு விட்டுவிட்டார்கள்.

மாதக் கடைசியில் ஆலயம் திறந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கலைந்தபின் தொலோரெஸ் மட்டும் நின்றாள்.

"நாளைக்குக் கல்லறைக்கு வாங்க. அவருக்காக ஜெபிக்கணும், இங்க வேற சாமியார் இல்லை. மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலைம்மா. வர்றேன்" என்றார் கேட்புவா.