எஃப் வரிசையில் கேட்ட தறி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக் காட்சிக்கு எஃப் வரிசையில் ஆஜரானவர்கள் விவரம்: ஆறாம் எண் இருக்கையில் பூவராகவன் ஆகிய நான். ஏழில் என் மனைவி கங்கையம்மாள். எட்டில் நெசவாளர் தில்லையம்மாள். ஒன்பதில் அவருடைய வீட்டுக்காரர் மாணிக்கவாசகம். பத்தாம் எண் காலி. அதில், வாசலில் பையைச் சோதிக்கிறவர் கண்ணில் படாமல் வந்து சேர்ந்த முறுக்கு டப்பா.

இப்படித் தொடங்குவது தொழில் பழக்கம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட்டால் அதிகாரி இரண்டாம் பத்தியையும் படிப்பார். முசரவாக்கம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்ததில் எனக்கு உருப்படியாக வந்தது கையெழுத்தும் இந்த ஒழுங்கும்தான். தொழிலில் எனக்கு ஒரே சட்டம். மனுதாரர் சொல்வதை எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பெரிய அதிகாரிகளைத் திட்டி எழுதச் சொன்னவர்களுக்கும் மரியாதையான சொற்களில் திட்டி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தில்லையம்மாளுக்கு நெசவாளர் அடையாள அட்டை கேட்டு மனு எழுதப் போய்ப் பழக்கமானோம். இப்போது மாதம் இரண்டு படம் சேர்ந்து பார்க்கிறோம். படம் பார்த்த மறுநாள் என் கருத்தை என் மகள் அபிக்கு இன்லேண்டு லெட்டரில் எழுதிவிடுவேன். அவள் சென்னையில் சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளர். “வாய்ஸ் நோட்ல சொல்லிடுப்பா, எதுக்கு லெட்டரு?” என்பாள். பேசினால் கோபம்தான் வரும். எழுதினால்தான் எனக்கு யோசனை வரும்.

இந்த வருடம் அப்படி எழுதியவற்றில் சில. பெரிய ஹீரோ படம்: நாற்பது பேரை அடித்தார், வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. “அந்தத் துணி எங்கபா கெடைக்கும்?” என்று மாணிக்கவாசகம் இடைவேளை வரை கேட்டுக்கொண்டிருந்தார். காதல் படம்: இரண்டு பேரும் மனசில் இருப்பதைச் சொல்லாததால்தான் கதை. ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தால் நாங்கள் நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்திருப்போம். கோர்ட்டுப் படம்: நன்றாகவே பேசினார்கள், ஆனால் குளோசப்பில் காட்டிய மனுவில் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதை ஜட்ஜ் எப்படி வாங்கினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காமெடிப் படம்: இரண்டு முறை சிரித்தேன், ஒன்று பின் வரிசைக்காரர் அடித்த கமெண்டுக்கு. தமிழில் பேசிய கரடி பொம்மைப் படம்: இந்த வருடத்தின் சிறந்த நடிப்பு அந்தக் கரடியுடையதுதான். கல்யாணப் படம் ஒன்றும் பார்த்தோம். மணப்பெண் திரும்பியதும், “இது பவர்லூம் சேலைடி!” என்று தில்லையம்மாள் போட்ட சத்தத்தில் டார்ச் லைட்டோடு ஆள் வந்துவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம் அந்த வரிசையில் சேராது. ‘பூட்டிய மாடி’ என்று பெயர். என் மகள் பெயர் திரையில் வரப்போகிற முதல் படம். அதில் தில்லையம்மாளின் தறியும் வரப்போகிறது.

ஆறு மாதம் முன்னால் அபி காஞ்சிபுரம் வந்து, அணில் வால் போல மயிர் போர்த்திய மைக்கோடு தில்லையம்மாள் வீட்டில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் தறி என்றால் சாமி. தறிக்குக் கீழே மிதிகட்டை இருக்கும் குழியில் இறங்கும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவார்கள். செருப்புக் காலோடு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அன்றைக்கு அபிக்காக மின்விசிறியை நிறுத்தினார்கள், அடுப்பிலிருந்து குக்கரை இறக்கினார்கள். தெருவில் போன பழவண்டிக்காரரிடம் மாணிக்கவாசகம் போய், “கொஞ்சம் நேரம் கூவாம இருப்பா” என்று கேட்டுக்கொண்டார்.

“எதுக்குமா இந்தச் சத்தம்?” என்று கேட்டார் தில்லையம்மாள்.

“ஒரு படத்துக்கு அத்தை” என்றாள் அபி.

நான் முந்திக்கொண்டேன். “கல்யாணப் பட்டு எடுக்கிற சீனு இருக்கும்மா. நல்ல எடத்துலதான் வரும். நான் பொறுப்பு.”

அபி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மைக்கைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தியேட்டரில்தான் தெரிந்தது.

போஸ்டரில் பேய் இருந்தது உண்மைதான். “பேய்ப் படத்துலயும் ஒரு கல்யாணம் வரும்ணா” என்று தில்லையம்மாளே சொல்லிவிட்டார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மேட்னி ஷோவுக்கு அரக்கு நிறப் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

படத்தில் ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடி வருகிறது. மாடி பூட்டியிருக்கிறது. முதல் அரைமணி நேரம் வழக்கம்போல் கதவு ஆடியது, பூனை ஓடியது. பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரை இருட்டானது. மேலேயிருந்து மெதுவாக ஒரு சத்தம்.

டக். டடக். டக்.

“எங்க தறி!” என்றார் தில்லையம்மாள். முகமெல்லாம் பல். கங்கையம்மாள் கையைப் பிடித்து உலுக்கினார். “கேக்குதா, எங்க தறிடி இது!”

அந்த நொடியில் மாடிக் கதவு திறந்து தலைவிரி கோலமாகப் பேய் வந்தது. தியேட்டர் மொத்தமும் அலறியது. தில்லையம்மாளின் கை கங்கையம்மாள் கையிலிருந்து மெல்ல விலகியதைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பேய் வரும்போதெல்லாம் தறி வந்தது. ஆறு தடவை. நான் எண்ணினேன். பேய் நடந்தால் தறி, பேய் மூச்சு விட்டால் தறி. இடைவேளையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

“பேயி கூட நம்ம ஊருல நெசவுதான் பாத்துக்கினு இருக்குது போல” என்றார் மாணிக்கவாசகம். அவர் சம்சாரம் திரும்பிப் பார்த்த பார்வையில் முறுக்கை வாயில் வைத்தபடியே நிறுத்திக்கொண்டார்.

கடைசிக் கட்டத்தில் அந்த வீட்டு அம்மா இருட்டில் மாடிப்படி ஏறுகிறாள். தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. மூச்சு விடும் நேரம் மௌனம். போன்கள் அணைந்திருந்தன. அவ்வளவு பெரிய கூடத்தில் ஏசி ஓடுவது கேட்டது. பிறகு, அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ‘டக்’. முன் வரிசையில் ஒரு பெரிய மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். படத்திலேயே சிறந்த இடம் அதுதான். சொந்த மகள் வேலை என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருக்க, ஓடுகிற எழுத்துகளில் ‘ஒலிப்பதிவு உதவி: பூ. அபி’ என்று வந்தது. கங்கையம்மாள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா பிறத்தியார் கழனியில் கூலிக்குப் போனவர், கைநாட்டு. அவர் பேத்தியின் பெயர் அவ்வளவு உயரத்தில் ஓடுகிறது. எழுந்து நின்றேன். ஆனால் மனசு முழுவதாக எழுந்திருக்கவில்லை. இரண்டு இருக்கை தள்ளி தில்லையம்மாள் மடியில் கை வைத்து உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே ஆட்டோவில் ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம் பேசினார். “நாளைக்குத் திங்கக்கெழமதானே? மேசை போடுவீங்க இல்ல?”

சாயங்காலம் அபி போன் செய்தாள். “எப்படிப்பா இருக்குது?” என்றாள். உடனே குரலைத் தாழ்த்தி, “அத்தை இன்னா சொன்னாங்க?”

“பேய்ப் படம்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“சொன்னா தறிகிட்ட விட மாட்டாங்கன்னு பயந்துட்டேன்பா.”

“நான் பொறுப்புன்னு சொன்னேனே, பக்கத்துலதானே இருந்தே?”

“தப்புதான்பா.” பிறகு அவசரமாகச் சொன்னாள். “அத்தைய எங்க டைரக்டருக்குப் போன் கீன் பண்ண வேணான்னு சொல்லுப்பா. அடுத்த படத்துக்கு என்னைய வெச்சுக்கறதான்னு இந்த வாரம்தான் முடிவு பண்றாங்க.”

“என் கருத்த லெட்டர்ல எழுதறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாள். ஒன்பது மணிக்கே என் மேசை முன்னால் வரிசை. முதியோர் பென்ஷன் நின்றுபோனவர், தெருக்குழாய்க்கு வந்தவர்கள். பட்டா கேட்பவருக்கு முன்னால், ஐந்தாவதாகத் தில்லையம்மாள். முன்னால் வரச் சொன்னதற்கு வரவில்லை. தன் முறைக்கு நின்று வந்துதான் உட்கார்ந்தார்.

“ஒரு மனு எழுதணும்ணா.”

“யாருக்குமா?”

“அந்தப் படம் எடுத்தவருக்கு.”

வெள்ளைத்தாளை எடுத்து மடித்து ஓரம் விட்டேன். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். “பொருள் இன்னான்னு போடட்டும்?”

“எங்க தறியைப் பேயா நடிக்க வெச்சது சம்பந்தமான்னு போடுங்க.”

பின்னால் நின்ற பட்டாக்காரர் சிரித்துவிட்டார். தில்லையம்மாள் திரும்பினார். “இன்னாபா சிரிப்பு? நேத்து வந்து பாத்திருந்தா சிரிச்சிருக்க மாட்டே. வேட்டி நனைஞ்சிருக்கும்.”

சொல்லச் சொல்ல எழுதினேன். தறி அவர்கள் வீட்டில் கும்பிடுகிற பொருள். அதன் சத்தத்தை எடுக்க வந்த பெண் இன்னதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாமல் எடுத்தது தப்பு. இந்த இடத்தில் என் பேனா நின்றது. இந்தத் தாள் அந்த டைரக்டர் கைக்குப் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி ‘யார் அந்தப் பெண்’ என்பதாகத்தான் இருக்கும். அபியின் அடுத்த படம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடலாம். ‘தெரிவிக்க விடுபட்டது’ என்று எழுதினால் போதும், பாதி சூடு தணிந்துவிடும். அப்படி எழுதவும் எனக்குத் தெரியும்.

“இன்னாணா, ஊரு ஆளுங்க மேல எழுதறப்போ குதிர மாதிரி ஓடும், இப்ப நிக்குது?”

“நிக்கலம்மா.” ‘சொல்லாமல் எடுத்தது தப்பு’ என்று அவர் சொன்னபடியே எழுதினேன். அடுத்த வரியை நானாகக் கேட்டேன். “நான் பொறுப்புன்னு வாக்குக் கொடுத்தது பூவராகவன்னும் போடட்டுமா?”

“போடுங்க. அதுவும் நடந்ததுதானே?”

போட்டேன்.

அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். “இப்ப ரெண்டாவது. நல்லா எழுதுங்க. நானும் எங்க வூட்டுக்காரரும் இருவத்தஞ்சு வருசமா நெய்யறோம். சேலையப் பாக்க எத்தினியோ பேர் வந்துட்டாங்க. தொட்டுப் பாப்பாங்க, மொதானைய விரிச்சுப் பாப்பாங்க. தறி சத்தத்தக் கேக்கறதுக்குன்னு ஒருத்தர் நின்னதில்ல. நேத்து அத்தினி பேரு மூச்சக் கூட வுடாம கேட்டாங்க. போன நோண்டிக்கினு இருந்தவன்லாம் கேட்டான். ராத்திரி படுத்துக்கினு யோசிச்சுப் பாத்தேன், சாமி சத்தம் கேட்டாலும் மனுசன் அப்படித்தான் வாயடைச்சு நிப்பான். அதனால அதுல எனக்குக் கோவம் கெடையாது. இதையும் எழுதுங்க.”

எழுதினேன். கை இப்போது தானாக ஓடியது.

“மூணாவதுதான் முக்கியம். கடைசில நிறுத்தி, ஒரு ‘டக்’ வந்துது இல்ல?”

“படத்துலயே பெஸ்ட் அதாம்மா!”

“அது தப்புணா. அன்னிக்கு ஒரு எழ அறுந்துபோச்சு. நிறுத்தி முடி போட்டுட்டு, சரியா இருக்குதான்னு ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். அதப் போய் வெச்சிருக்காங்க. நம்ம ஊரு தியேட்டர்ல பாதிப் பேரு நெசவு. அத்தினி பேருக்கும் தெரிஞ்சிருக்கும், தில்லையம்மா தறியில எழ அறுந்துச்சுன்னு.” அவர் காதோரம் சிவந்திருந்தது. நேற்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது.

“எடுத்துடச் சொல்லட்டுமா?”

வெகுநேரம் யோசித்தார். வரிசையில் இருந்த யாரும் அவசரப்படுத்தவில்லை; பட்டாக்காரர் கூட முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேணாம். அந்த எடத்துலதான் முன்னாடி இருந்த ஆளு எழுந்து நின்னாரு. இருக்கட்டும். ஆனா எழ அறுந்ததத் தேடி எடுத்து அங்க வெச்ச காது யாருதுன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு எனக்கு. கேக்காம எடுத்தது தப்பு, எடுத்தத வெச்ச எடம் சரி. ரெண்டும் அந்தப் பொண்ணோடதுதான்னு எழுதுங்க. பேரப் போடுங்க, அபின்னு.”

“பேரு வேணாமேம்மா…”

“நீங்க கூட்டவும் மாட்டீங்க, கொறைக்கவும் மாட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்களே, சும்மாவா?”

பெயரைப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மனுவில் என் மகள் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

“கோரிக்கை இன்னாம்மா?”

“படம் போன்ல வரும்பாங்களே, அப்ப கடைசில எங்க பேரும் ஓடணும். தறி: தில்லையம்மாள், மாணிக்கவாசகம். அவரு பேர வுட்டுடாதீங்க. கரைய சேலையோட சேக்கற கோர்வைக்கு அந்தாண்ட பக்கம் நாடா தள்ளுனது அவருதான். வுட்டா ஒரு மாசத்துக்குச் சோறு எறங்காது. இன்னும் ஒரு படத்துக்கு வேணும்னா வரச் சொல்லுங்க. இன்னாதுக்குன்னு சொல்லிட்டு வந்தா, எழ அறாம நெய்ஞ்சு தர்றேன்.”

‘இப்படிக்கு’ போட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் வாக்கு இருந்த வரியில் விரல் கொஞ்சம் நின்று நகர்ந்தது. கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். கோர்ட்டுப் படத்தில் விட்டுப்போனது எங்கள் மேசையில் விட்டுப்போகவில்லை.

அபிக்கு நான் அன்று எழுதிய இன்லேண்டு லெட்டர் சின்னது. ‘படம் பார்த்தோம். சத்தம் முதல் தரம். அத்தையிடம் மறைத்தது மூன்றாம் தரம். அத்தையின் கடிதம் உங்கள் டைரக்டருக்கு வருகிறது. அதில் உன் பெயர் இருக்கிறது. அவர் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில், ஓடாதே. சனிக்கிழமை ஊருக்கு வந்து தறிக்கு முன்னால் நின்று அத்தையிடம் நேரில் சொல். அம்மா விசில் அடித்தாள்.’

தில்லையம்மாளின் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பசையை அவரே தடவினார். ஓரத்தை நகத்தால் இரண்டு முறை நீவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு முறை நீவினார்.

“போஸ்ட் ஆபீசுக்கு நான் ஆள் அனுப்பறேன்மா, வெய்யில்ல நீங்க எதுக்கு?”

“எங்க தறி லெட்டரு, நானே போடறேன்” என்று என் இன்லேண்டு லெட்டரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு எழுந்தார். ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தன்னுடையதை மட்டும், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் முகவரி தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, போஸ்ட் ஆபீஸ் படி ஏறினார்.